அம்மா அழ வேண்டிய பாட்டு

மூன்றாவது வரியில் அம்மா எழுந்தாள்.

மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. இருநூறு நாற்காலிகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை, சன்னல் வழியாக இன்னும் வெயில் விழுந்துகொண்டிருந்தது. என் சொந்தப் பாட்டை முதன்முதலாக மேடையில் பாடுகிறேன். மடியில் கிட்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு இன்னொரு கிட்டாரோடு ஹரி. இரண்டாவது வரிசையில், நட்டநடுவில், நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்த அம்மா. அவளுக்குப் பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு சண்முகத்தாய் சித்தி.

அந்தப் பாட்டை அதுவரை அம்மாவிடம் பாடிக் காட்டவில்லை. மேடையில் கேட்கட்டும், அசந்து போகட்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். நன்றாக அசந்தாள்!

*மஞ்சக் கயிறவுத்து மாடத்துல வச்சிருக்கேன்*
*மகராசா வந்தியன்னா மறுபடியும் கட்டணுமே*
*பொட்டழிஞ்ச நெத்தியோட பொழுதெல்லாம் நிக்கேனே…*

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்து, நடுப்பாதையில் நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சண்முகத்தாய் சித்தி என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு அவளும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பாட்டை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹரிக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சிரிப்பு முகத்தில். நான் இரண்டு காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதங்கள்

இரண்டு வாரம் முன்பு இந்தத் தொடரில், போகிற போக்கில், "என் முதல் மேடையில் அம்மா பாதியில் எழுந்து போனாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கடிதம் மேல் கடிதம்.

"பாட்டு அவ்வளவு மோசமா?" என்று சுனாபட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஐயாவோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் டோம்பிவிலியிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார்: "பெற்ற மகள் மேடையேறி நிற்கும்போது எந்தத் தாய் விட்டுவிட்டுப் போவாள்? உங்கள் தாயாருக்கு என்ன கல்நெஞ்சா?"

அதைப் படித்ததும் சுருக்கென்றது. அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. தப்பு முழுக்க என்னுடையது. அது என்ன தப்பு என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால், நான் எப்படிப் பாட்டுக்காரி ஆனேன் என்று இத்தனை வாரம் அளந்ததெல்லாம் பொய்யாகிப் போகும்.

கைகளுக்கு அடியில்

என் அம்மா பேச்சியம்மாளை இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். மாதுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை. சந்தில் யாராவது இறந்தால் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அது வேலை இல்லை, யாரும் கூப்பிடவும் வேண்டாம். செய்தி காதில் விழுந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். "பேச்சி வந்தாத்தான் கண்ணுல தண்ணியே வரும்" என்பார்கள் சந்தில்.

அம்மா ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் சண்முகத்தாய் சித்தி அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வாள். முப்பது வருஷம் இருவரும் அப்படித்தான். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மாதங்களில்கூட சாவு வீட்டில் அது தவறாது.

என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் இடுப்பிலேயே கொண்டுபோவாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து ஆடிக்கொண்டே அழுவார்கள். நான் அந்தக் கைகளுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே புழுங்கும். தலையெண்ணெய் வாசனை, வெற்றிலை வாசனை. யாருடைய கண்ணீரோ என் பிடரியில் விழும். நான் பாட்டுப் படித்த பள்ளிக்கூடம் எது என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மை இதுதான்.

யார் வீட்டுச் சாவானாலும் அவளவள் தன் வீட்டில் போனவரை நினைத்துத்தான் அழுவாள். அதில் ஒளிவுமறைவே கிடையாது. ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. மனைவி அழுகிற பாட்டை மகள் அழ மாட்டாள். தங்கை பாட்டு வேறு, மருமகள் பாட்டு வேறு. தாலியையும் பொட்டையும் சொல்லி அழ, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மட்டும்தான் வாய் உண்டு.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. எட்டு வயதில் ஒருமுறை, கிழிந்த பொம்மையைக் கிடத்தி வைத்து ஒப்பாரி பாடி விளையாடினேன். அம்மா கரண்டிக் காம்பால் முட்டியில் போட்டாள். "வெளக்கு வச்ச வீட்டுல எதையாவது இழுத்து விட்டுறாத மூதி!" வீட்டில் பாடக்கூடாது என்பது மட்டும் மண்டையில் ஏறியது. மற்றது ஏறவில்லை.

எல்லாப் பாட்டும் எனக்குப் பாட்டாகத்தான் கேட்டது. அதிலும் மனைவியின் பாட்டுதான் எல்லாவற்றிலும் அழகாக இருக்கும். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மாடமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. ஆனால் பாட்டில் மஞ்சள் கயிறு மாடத்தில் காத்திருக்கும். அந்த வரி வரும்வரை சின்ன வயதில் நான் தூங்க மாட்டேன்.

ரயில் போன பிறகு

ஹரியைப் பற்றிப் போன வாரங்களில் எழுதியிருக்கிறேன். மாதுங்காவில் என்னோடு பி.காம். படித்தவன். பாலக்காட்டுக் குடும்பம், செம்பூரில் வீடு. தன் படுக்கையறையையே ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தான். மெத்தையைத் தூக்கிச் சன்னலில் சாத்திவிட்டால் அதுதான் ஸ்டுடியோ. ஆனால் சன்னலுக்கு வெளியே ஓடுகிற ஹார்பர் லைன் ரயில் மெத்தைக்கெல்லாம் மசியுமா? ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் கிடைக்கிற நிமிஷங்களில்தான் பாட வேண்டும்.

நான் அப்போது சனிக்கிழமை மாலைகளில் செம்பூரில் ஒரு காபிக் கடையில் ஹிந்திப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தேன். யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் நான் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒருநாள் ஹரி சில அமெரிக்கப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினான். கறுப்பினப் பெண்கள், தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல்கள். ஒரே வார்த்தையை இழுத்து, உடைத்து, மூச்சுக்குத் தவித்து, மறுபடி எடுத்துப் பாடினார்கள். "இதுக்குப் பேர் சோல்" என்றான். எனக்குப் பேர் தெரியாது, ஆனால் அந்தத் தொண்டையைத் தெரியும். அது பேச்சியம்மாள் தொண்டை.

அன்றைக்கே மஞ்சக் கயிற்றுப் பாட்டைப் பாடிக் காட்டினேன். ஹரி கிட்டாரைத் தொடவே இல்லை. ஒரு ரயில் போனது, இன்னொன்றும் போனது.

"இசக்கி, இதெல்லாம் எங்கேர்ந்து கொண்டு வந்தே? இத்தனை நாளா ஹிந்திப் பாட்டைப் பாடிண்டு வேஸ்ட் பண்ணிண்டிருந்தியே!"

அப்பா இறந்து அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொரோனாக் காலத்தில் போனார். ரெக்ஸின் பை தைக்கிற கார்கானாப் பட்டறையில் வேலை செய்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து போன் மட்டும் வந்தது. உடம்பைத் தரவில்லை. தகனமும் அவர்களே செய்துவிட்டார்கள். சந்தில் அத்தனை பேருக்கும் அழுத அம்மாவுக்குத் தன் புருஷனுக்கு அழ ஒரு முற்றம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தச் சாவு வீட்டிலும் உட்காரவில்லை. வாசல்வரை போவாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். "எம்புருசன் சாவையே நான் அழல, அடுத்தவ சாவுக்கு என்னத்த அழ?" என்பாள்.

அப்பாவுக்காக நான் ஒரு பாட்டுக் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பழைய வரிகளில் சிலவற்றை எடுத்து, சிலவற்றை நானே சேர்த்து, ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்போது எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. நாங்கள் அதை ரெக்கார்டு செய்தோம். அந்தேரியில் ஒரு மியூசிக் கம்பெனிக்கு ஹரி அனுப்பினான். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் வெளியிடுவதாகப் பேச்சு. அதற்கு முன்னோட்டமாகத்தான் அந்த மாதுங்கா மேடை.

என் வாழ்க்கையே அந்தப் பாட்டின் மேல்தான் நிற்கிறது என்று நம்பினேன். அதில் தப்பில்லை, அப்படித்தான் நின்றது; நான் நினைத்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பாலத்தின் மேல்

அரங்கை விட்டு ஓடினேன். சண்முகத்தாய் சித்தி ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "மேல நிக்கா. போ. வாயத் தொறக்காத, ஏசுனா வாங்கிக்கோ" என்றாள்.

அம்மா நடைமேம்பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ரயில் வந்து நின்று போனது.

"ஏம்மா எந்திரிச்சு வந்த?"

"நீ கன்னிப் பிள்ளதான?"

"ஆமா."

"யாருக்குட்டி தாலியறுத்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக, அந்த நேரத்தில் சிரித்துவிட்டேன். "பாட்டும்மா. சும்மா பாட்டு. அப்பாவுக்காகத்தான் பாடுனேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க தெரியுமா?"

"கைதட்டுனாவளா?" என்று திரும்பினாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "ஒங்கப்பாவப் பாக்க விடல. தொட விடல. அழ விடல. என்னைக்காவது ஒருநாள் அழுதுருவோம்னு இத்தன வருசமா தொண்டையில வச்சிக்கிட்டு அலையுதேன். அது எம்பாட்டுட்டி. பொண்டாட்டி பாட்டு. அத நீ டிக்கெட்டு போட்டு அழுதுட்டு வந்திருக்க."

பாலத்தில் சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. ஒரு ஆள் ஹிந்தியில், ஓரமாக நில்லுங்கள் என்று திட்டிவிட்டுப் போனான். நாங்கள் ஓரமாக நின்றோம்.

பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வரும். எல்லாப் பாட்டும் அப்படி இல்லை.

முகம் கொடுக்காத நாட்கள்

பத்து நாள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை என் முன்னால் தள்ளுவாள், அத்தோடு சரி. பத்தாவது நாள் நான் ஹரியிடம் போய், பாட்டை நிறுத்திவிடு என்றேன்.

"விளையாடறியா? கம்பெனிக்காரா அடுத்த மாசம் போடறதா இருக்கா. ஏதாவது வரி மாத்தணும்னா மாத்து, நிறுத்தாதே."

"வரி இல்லடா. பாட்டே என்னோடது இல்ல."

விளக்கிச் சொன்னேன். அவன் அரைமணி நேரம் விவாதம் பண்ணினான். பிறகு மெத்தையைச் சன்னலிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டு உட்கார்ந்தான். "அவா காத்திருக்க மாட்டா, இசக்கி. நான் காத்திருப்பேன். உன்னோட பாட்டை எழுது."

கம்பெனி காத்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சனிக்கிழமை காபிக் கடைக்கே திரும்பிப் போனேன்.

பாட்டை அழித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் குளிர்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அழிக்கச் சொன்னேனா நான்? எம்பாட்ட எங்கிட்ட விடுன்னுதான் சொன்னேன். நீ பாடாம இருந்தா நான் செத்துப் போவேன். நீ மகதான? மக பாட்டப் பாடு."

"எனக்கு மக பாட்டு வரல."

"ஏன் வரல? அப்பனுக்கு மகதான நீ? வீட்டுல கடைசியா கூட இருந்தவ நீதான். நீதான அவ்வொளுக்குச் சோறு போட்டு அனுப்பி வச்ச?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நான் சொல்லாத ஒன்று

முதலில் காய்ச்சல் வந்தது அம்மாவுக்கு. அவளை ஒரு பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு மூச்சு முட்டியது. வீட்டில் நானும் அவரும்தான். ஆம்புலன்ஸ் எங்கள் சந்துக்குள் வராது. சந்து முனையில் நிறுத்திவிட்டு, வெள்ளை உடுப்பு மாட்டிய ஆள் "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டிருந்தான். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது, சன்னல் வழியாகக் கண்கள்.

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அப்பா செருப்பில் ஒரு காலை விட்டவர் அடுப்பைப் பார்த்தார்.

"ஏட்டி, சோறு ஆயிட்டுதா? ரெண்டு வாய் தின்னுட்டுப் போயிருதேன்."

"அங்க குடுப்பாங்கப்பா. அந்த ஆளு கத்துதான். போங்க, ரெண்டே நாளு, வந்துருவிய."

அவர் இன்னொரு காலையும் செருப்பில் விட்டுக்கொண்டு நடந்தார். ஒன்பதாவது நாள் போன் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த ஆள் மேல் பயமில்லை. சன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால்தான் வெட்கம். சீக்கிரம் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லியிருந்தால் அந்த ஆள் நின்றிருப்பான்.

அவரை ஆம்புலன்ஸ் ஏற்றிப்போன அன்றே அம்மா போனில் கேட்டிருந்தாள்: "சாப்பிட்டாவளா?"

"வயிறு நெறையத் தின்னாவம்மா."

என்னத்தைச் சொல்ல! அந்த ஒரு பொய்யை அம்மா நெஞ்சில் வைத்துக் காப்பாற்றினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், சமையல் வேலை செய்கிற வீடுகளில் சொன்னாள். "பக்கத்துல நான் இல்லன்னாலும் எம்மவ வயிறாரப் போட்டுத்தான் அனுப்பியிருக்கா." அவள் சொல்லும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பேன். மகளுடைய பாட்டைப் பாட வாய் திறந்தால் முதலில் வருவது அந்தச் சோறுதான். அதனால்தான் பொண்டாட்டி பாட்டைத் திருடினேன். அழகாக இருந்தது என்று முன்னால் எழுதினேனே, அது பாதிதான்.

சண்முகத்தாய் சித்தி வீட்டில்

ஆறு மாதம் ஓடியது. நானும் எத்தனையோ எழுதிப் பார்த்தேன், ஹரியும் பொறுமையாகக் கேட்டான். எதுவும் தேறவில்லை. இன்று தாணேயிலும் செம்பூரிலும் நீங்கள் என்னைப் பாடச் சொல்லிக் கேட்கிற "ஒரு வாய்ச் சோறு" பாட்டை நான் உட்கார்ந்து எழுதவில்லை. அதன் முதல் நான்கு வரிகள் பிறந்த இடம் வேறு.

சண்முகத்தாய் சித்திக்குச் சர்க்கரை முற்றி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து, ஒரு காலையில் போய்விட்டாள். மதியம் உடம்பு வீட்டுக்கு வந்தது. எங்கள் வாசலுக்கு நேரெதிரே சந்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஒருத்தி தொடங்கினாள், இரண்டு வரியில் நின்றுபோனது. சின்னப் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா எங்கள் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போதும்போலத் திரும்பி உள்ளே வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொண்டையை அவிழ்த்தாள். சந்தைத் தாண்டிப் போய், பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்தாள். நான் போய் அந்த இடக்கைக்குள் உட்கார்ந்தேன்.

முதலில் சித்திக்காகப் பாடினாள். பிறகு குரல் மாறியது. வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி அவள் அழப்போவது அவள் புருஷனுக்கு என்று.

*மூட்டையாக் கட்டுனாவளாம் மொகத்த மறைச்சாவளாம்*
*மூணாம் மனுசன் தீ வச்சானாம் முடிஞ்சிதுன்னு போன் வந்துதே*
*தலமாட்டில் நானிருந்து தலமுடிய விரிக்கலையே*
*தங்க ராசா ஒங்க கால தண்ணி விட்டுக் கழுவலையே*

மஞ்சள் கயிறும் இல்லை, மாடமும் இல்லை. நான் மேடையில் பாடியது எவ்வளவு பொய் என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா மூச்சு வாங்கினாள். அடுத்த வரியைப் பிடிக்க வேண்டியவள் பெஞ்சில் கிடந்தாள். யாரும் பாடவில்லை. என் வாய் திறந்தது. திறக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

*ஒல கொதிக்கையில ஒரு வாயி கேட்டியளே*
*வண்டிக்காரன் கத்துதான்னு வாசல் தாண்ட வச்சேனே*
*வயிறார உண்டாவன்னு வாய்கூசாமச் சொன்னேனே*
*வெறும் வயித்தோட போனியளே என்னப் பெத்த அப்பாவே*

என் தோளில் இருந்த அம்மாவின் கை மரம்போல ஆகிவிட்டது. வட்டம் ஆடுவதை நிறுத்திவிட்டது.

ஒப்பாரியில் சொன்னதை வெளியே வந்து கேட்கக் கூடாது. எங்கள் பெண்களுக்குள் அது பெரிய கட்டுப்பாடு. மாமியார் செய்த கொடுமையை மருமகள் பாடியே சொல்லுவாள், கேட்டுக்கொண்டு மாமியாரும் உட்கார்ந்திருப்பாள், குளித்துவிட்டு வீட்டுக்குப் போனபிறகு அதைப் பற்றி ஒரு பேச்சு வராது. ஆகவே அம்மா என்னிடம் எதுவும் கேட்க முடியாது. ஏச வேண்டுமென்றாலும் அங்கேயே, பாட்டில்தான் ஏச வேண்டும். அதையும் செத்தவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அப்படி ஒரு காத்திருப்பை என் எதிரிக்கும் வேண்ட மாட்டேன்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு குரலை எடுத்தாள்.

*பிள்ள பேச்சக் கேட்டு பசிய மறந்தீரோ*
*எம்பேச்ச என்னைக்கு நீரு எறங்கி வந்து கேட்டீரு*

சந்தில் எங்கோ ஒரு கிழவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "நீரு" என்று அப்பாவை அம்மா சண்டையில் மட்டும்தான் சொல்லுவாள். பொண்டாட்டிக்கு மட்டும் உள்ள உரிமை அது.

*எம்புள்ள தலமேல பழிய ஏத்தி வச்சுப் போனீரே*
*எறக்கி வச்சிட்டேன் ராசா இனி எங்கிட்டக் கேளுமய்யா*

அதற்குப் பிறகு யார் பாடினார்கள், எவ்வளவு நேரம் பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா போன நாளிலிருந்து அன்றுவரை நான் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அன்றைக்கு அம்மாவின் கைக்குள் விழுந்து அழுதேன், உடம்பைத் தூக்குகிறவர்கள் வந்து எழுப்பும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.